படிக்கும், எழுதாது: ஒரு டிவிடி ரைட்டரின் வழக்கு

"படிக்குதுப்பா. பழைய டிஸ்க் எதப் போட்டாலும் படிக்குது. ரைட் பண்ணச் சொன்னா மட்டும் துப்பிடுது."

பெரியப்பா போனில் சொன்ன முதல் தகவல் இது. அடுத்து, "சிடி ரைட் ஆகுது, டிவிடிதான் ஆகல" என்றார். இந்த இரண்டாவது தகவலைத் துருவிக் கேட்காமல் அப்படியே எடுத்துக்கொண்டதால் எனக்கு ஒரு முழு மாலை வீணானது. அந்தக் கதை பின்னால் வரும்.

குடும்பத்தின் பழைய ஃபோட்டோக்களை எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். மொத்தம் 3.82 ஜிபி என்று விண்டோஸ் காட்டுகிறது. மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு டிவிடி போட்டுக் கொடுக்க ஆசை. பென்டிரைவில் கொடுத்தால் அழித்துவிட்டு வேறு எதையாவது ஏற்றிக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி. மறுப்பதற்கில்லை. லேப்டாப் புதியது, விண்டோஸ் 10, டிஸ்க் டிரைவ் கிடையாது. அதனால் யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிவிடி ரைட்டர். சில வருடமாக அவரிடம் இருப்பது. டிவிடியில் அதன் உச்ச வேகம் 8எக்ஸ். ஒரு தடவை மட்டுமே எழுதக்கூடிய டிவிடி-ஆர் டிஸ்க்குகள் இரண்டு டப்பா, இரண்டும் பாதி காலி. நான் போய்ச் சேர்வதற்குள் 11 டிஸ்க் பாழ்.

இடம் போதாமல் தோற்கிறதா என்பதை மட்டும் போனிலேயே தள்ளிவிட்டேன். டப்பாவில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 4.38தான். அப்படியும் 3.82 தாராளமாக உள்ளே போகும்.

பாழான டிஸ்க்குகள்

இந்த மாதிரி வழக்கில் பாழான டிஸ்க்கைக் குப்பையில் போடவே கூடாது. நல்லவேளை, பெரியப்பா எதையும் போடமாட்டார். பதினொன்றையும் வாங்கி, மேசை விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். எழுதும் டிஸ்க்கில் தகவல் பதிவது ஒரு சாயப் பூச்சில். லேசர் சுட்ட இடத்தில் அந்தச் சாயத்தின் நிறம் லேசாக மாறும். எழுத்து உள் வட்டத்தில் தொடங்கி வெளியே நகர்வதால், எழுதிய பகுதி ஒரு வளையமாகத் தெரியும். வளையம் எங்கே நின்றதோ அங்கே வேலை நின்றது என்று அர்த்தம்.

டிவிடியில் தகவல் பகுதி மையத்திலிருந்து 24 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது. கணக்குப் போட்டால் உள் விளிம்பில் 1 மில்லிமீட்டர் அகல வளையம் ஏறக்குறைய 80 எம்பி கொள்ளும். வெளி விளிம்பில் அதே 1 மில்லிமீட்டர் 190 எம்பிக்கு மேல் கொள்ளும். பெரியப்பாவின் ஃபோட்டோக்கள் முழுதாக ஏறியிருந்தால் வளையம் 55 மில்லிமீட்டர் வரை போயிருக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான்கு டிஸ்க்கில் வளையமே இல்லை. ஆறு டிஸ்க்கில் வளையம் தொடங்கி, ஆறிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 30 மில்லிமீட்டர் பக்கம், நின்றிருந்தது. அதாவது 550 எம்பி போல எழுதியதும் சாய்ந்திருக்கிறது. மீதி ஒன்றில் மெல்லிய கோடு போல ஒரு வளையம்.

அந்த ஒன்றை லேப்டாப்பில் போட்டேன். அழகாகத் திறந்தது, இருபது ஃபோட்டோ இருந்தது. "இது பாழாகவே இல்லையே பெரியப்பா?" என்றேன். "டிவிக்குக் கீழ இருக்கிற பிளேயர்ல போட்டுப் பாத்தேன், டிஸ்க்கே இல்லைன்னுச்சு" என்றார். வெற்று டிஸ்க் போட்டவுடன் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: பென்டிரைவ் மாதிரி பயன்படுத்தவா, சிடி/டிவிடி பிளேயரில் போடவா என்று. முதல் வகையைத் தேர்ந்தெடுத்தால் கோப்புகளை இழுத்துப் போடப் போட எழுதிக்கொண்டே போகும். கணினியில் திறக்கும், பிளேயர்கள் பலவற்றுக்கு அது புரியாது. பெரியப்பா முதல் டிஸ்க்கில் அதைத் தேர்ந்தெடுத்து இருபது படத்தைச் சோதனைக்காகப் போட்டிருக்கிறார். ஆக, குற்றப்பத்திரிகையில் ஒரு பெயர் குறைந்தது.

மீதிப் பத்தில் தெளிவாக இரண்டு விதமான சாவு. ஒன்று தொடங்குமுன், இன்னொன்று 550 எம்பியில். இரண்டு விதம் என்றால் காரணமும் இரண்டாக இருக்கலாம் என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஒரே நோய், சில சமயம் சீக்கிரம் சில சமயம் தாமதமாகத் தாக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போட்ட தப்புக் கணக்கு

என் சந்தேகம் நேரே லேசர் மேல் போனது. காரணம் அந்த "சிடி ரைட் ஆகுது" என்ற தகவல். டிவிடி ரைட்டருக்குள் இரண்டு லேசர் உண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளம், டிவிடிக்கு 650. ஒன்று செத்தாலும் மற்றது வேலை செய்யும். படிப்பதும் எழுதுவதும் ஒன்று கிடையாது என்பது அடுத்த காரணம். படிக்கும்போது டிஸ்க்கின் மேல் விழுவது 1 மில்லிவாட் அளவிலான வெளிச்சம். எழுத, சாயத்தைச் சுடும் அளவுக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். கிழடுதட்டிய லேசர் வருடக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கும். எழுதத் திராணி இருக்காது. "படிக்குதே, அப்ப டிரைவ் நல்லாத்தான் இருக்கு" என்று பலரும் சொல்வார்கள். படிப்பது எழுதுவதற்குச் சான்றிதழ் ஆகாது.

லேசருக்கு மரண ஓலை எழுதுவதற்கு முன் மற்றதையும் பார்த்துவிடலாம் என்று இரண்டு வேலை செய்தேன். இரண்டும் வீண். லென்ஸைத் துடைத்தேன்: மேசைக்கணினி டிரைவ் போல இல்லாமல், மெல்லிய டிரைவில் தட்டை வெளியே இழுத்தால் லென்ஸ் அதிலேயே உட்கார்ந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அழுத்தாமல் ஒரு சுற்று, காயவிட்டு மூடினேன். மாற்றமில்லை. அடுத்து விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், டிஸ்க் டிரைவ் பகுதியில் இருக்கும் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகள். டிஸ்க் எழுதும் பழைய பர்னிங் மென்பொருள்கள் தங்களை அங்கே செருகிக்கொண்டு, நீக்கிய பிறகும் வேரை விட்டுப்போகும். ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு அழித்தேன், மறுதொடக்கம் செய்தேன். அதிலும் மாற்றமில்லை. நிதானமாக யோசித்திருந்தால் தொட்டே இருக்கமாட்டேன். அந்தப் பதிவுகள் கெட்டால் டிரைவே கண்ணுக்குத் தெரியாமல் போகும், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வரும். 550 எம்பி எழுதிவிட்டு நிற்பது அதன் குணமில்லை.

பிறகுதான் செய்யவேண்டியதைச் செய்தேன். விண்டோஸின் சொந்த பர்னர் "எழுத முடியவில்லை" என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் டிரைவ் சொல்வதை எல்லாம் வரிவரியாகக் காட்டும். அதில் முதலில் பாவனை ஓட்டம் விட்டேன். டிவிடி-ஆரில் இது முடியும். எழுதுவது போலவே எல்லாம் நடக்கும், லேசர் மட்டும் சுடாது. (டிவிடி+ஆரில் இந்த வசதியே கிடையாது.) 8எக்ஸில் முழுதாக ஓடி முடிந்தது. கணினி, கேபிள், தகவல் போகும் வழி எல்லாம் சரி. லேசர் சுட ஆரம்பித்தால்தான் சிக்கல். என் லேசர் கதைக்கு இன்னொரு சாட்சி கிடைத்த மாதிரி இருந்தது.

கடைசியாக 4எக்ஸில் நிஜமாகவே எழுதவிட்டேன். முழுதாக எழுதியது! சரிபார்ப்பிலும் தேறியது. "வயசான டிரைவ் பெரியப்பா, மெதுவா ஓட்டினா ஓடும். இந்த மென்பொருள்லயே 4எக்ஸ் வெச்சு ரைட் பண்ணுங்க" என்று பெரிய வைத்தியர் போலச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாம் நாள்

மறுநாள் போன். "ரெண்டு போட்டேன்பா. ஒண்ணு ஆரம்பிக்கவே இல்ல. இன்னொண்ணு பாதி தாண்டி நின்னுடுச்சு. அந்த டொய்ங் சத்தம் வந்துச்சுல்ல, அப்ப."

"எந்த டொய்ங்?"

"அதான், பென்டிரைவ் சொருகினா வருமே. முன்னாடியும் வருமேப்பா, நான் சொல்லலையா?"

சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் நாள் நான் வேலை செய்தபோது லேப்டாப்பின் ஒலியை அணைத்து வைத்திருந்தேன். யுஎஸ்பி கருவி ஒன்று துண்டித்துக்கொண்டு மீண்டும் வந்து சேர்ந்தால் எழும் சத்தம் அது. லேசர் பலவீனமானால் டிரைவ் தோல்விக்கு ஒரு குறியீட்டைச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். கணினியை விட்டுக் காணாமல் போகாது. காணாமல் போவதென்றால் முதலில் மின்சாரத்தைத்தான் பார்க்கவேண்டும்.

"பெரியப்பா, சிடி ரைட் ஆகுதுன்னீங்களே, எப்ப கடைசியா போட்டீங்க?"

"அது பழைய கம்ப்யூட்டர் இருந்தப்ப. பாட்டு சிடி."

ஆக, "ஆகுது" என்றது போன வருட நிகழ்காலம். அந்தப் பழைய கணினியில் டிரைவ் நேராகப் பின்புறம் செருகப்பட்டிருந்தது. சிடி சாட்சியம் முழுதும் தள்ளுபடி.

மறுபடி போனபோது லேப்டாப்பைப் பார்க்காமல் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். டிரைவிலிருந்து கேபிள், அங்கிருந்து ஒரு நீட்டிப்புக் கேபிள், அங்கிருந்து நான்கு துளை ஹப், அங்கிருந்து லேப்டாப். அதே ஹப்பில் மவுஸ், கூடவே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போன். முதல் நாளும் இதே ஹப்தான்; போன் மட்டும் அன்று அதில் இல்லை. மேசைக்குப் பின்னால் கிடந்ததால் நான் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவே.

டிரைவைத் திருப்பினால் அடியில் அச்சிட்டிருக்கிறது: 5 வோல்ட், 1.5 ஆம்பியர். யுஎஸ்பி 2.0 துளை ஒன்று தருவதாக ஒப்புக்கொள்வது 500 மில்லியாம்பியர், யுஎஸ்பி 3.0 என்றால் 900. தனி அடாப்டர் இல்லாத 2.0 ஹப் என்றால் அந்த 500ஐத்தான் தன் துளைகளுக்குப் பங்கு போடவேண்டும். விதிப்படி ஒரு துளைக்கு 100 மில்லியாம்பியருக்குத்தான் உத்தரவாதம். நடைமுறையில் ஹப்கள் இவ்வளவு கறாராக இருப்பதில்லை, கேட்டதை முடிந்தவரை விடும். அதனால்தான் எல்லாம் பாதி வேலை செய்தது. படிக்கச் சொன்னால் மோட்டார் மட்டும் இழுக்கும், சமாளித்துக்கொள்ளும். பாவனை ஓட்டத்திலும் அப்படியே. நிஜமாக எழுதும்போது மோட்டாரும் சுடும் லேசரும் சேர்ந்து இழுக்க, நீண்ட கேபிளின் கோடியில் வோல்ட் சரிந்துவிடும்.

அந்த 30 மில்லிமீட்டர் ரகசியமும் இங்கே அவிழ்ந்தது. இந்த டிரைவ் 8எக்ஸ் என்று சொன்னாலும் எடுத்தவுடன் அந்த வேகத்தில் எழுதுவதில்லை. உள்ளே மெதுவாகத் தொடங்கி, வெளியே நகர நகரப் படிப்படியாக வேகம் கூட்டும். இம்ஜ்பர்னின் வேக வரைபடத்தில் 550 எம்பி பக்கம் முதல் படி ஏறுவது தெரிந்தது. அங்கே மோட்டார் ஒரு உந்து உந்தவேண்டும், லேசரும் திறனைக் கூட்டவேண்டும். இரண்டும் ஒரே நொடியில். 4எக்ஸில் கட்டிப்போட்டால் அந்தப் படியே வராது. நான் கண்டுபிடித்த "வைத்தியம்" அதனால்தான் பலித்தது. போனும் ஹப்பில் ஏறியதும் அதுவும் பலிக்கவில்லை.

பையில் இருந்த சின்ன யுஎஸ்பி மீட்டரை டிரைவுக்கும் ஹப்புக்கும் இடையில் செருகி, 8எக்ஸில் ஒரு டிஸ்க்கைப் பலி கொடுத்தேன். சும்மா இருக்கும்போது 5.0, எழுத ஆரம்பித்ததும் 4.6, அந்தப் படியில் 4.3 வரை விழுந்து, டொய்ங்.

"இந்த டிரைவோட வந்த கேபிள் எங்க பெரியப்பா? ரெண்டு தலை இருக்குமே?"

அட்டைப்பெட்டியிலேயே இருந்தது, பிளாஸ்டிக் கட்டுக்கூடப் பிரிக்காமல். "ரெண்டு எதுக்குன்னு புரியல, அதான் ஒத்தத் தலையுள்ளதா வேற மாட்டிட்டேன்" என்றார். இரண்டு தலையையும் லேப்டாப்பின் இரண்டு துளையில் நேராகச் செருகினேன். ஒன்று தகவலும் மின்சாரமும், மற்றது மின்சாரம் மட்டும். மவுஸ் ஹப்பிலேயே இருந்தது. 8எக்ஸில் எழுதவிட்டேன். மீட்டர் 4.9க்குக் கீழே இறங்கவில்லை. வளையம் 30ஐத் தாண்டியது, 55க்குப் போய் முடிந்தது.

தொடங்காத டிஸ்க்குகள்

அடுத்த டிஸ்க்கைப் போட்டோம். தொடங்கவே இல்லை.

இம்ஜ்பர்ன் காட்டிய குறியீடு 03/73/03. பவர் கேலிபரேஷன் ஏரியா பிழை. பேனா எழுதுகிறதா என்று தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்ப்போமே, டிரைவும் அதைத்தான் செய்கிறது. எழுதுவதற்கு முன் டிஸ்க்கின் உள் விளிம்பில் இதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் லேசரின் திறனைக் கூட்டிக் குறைத்துச் சுட்டுப் பார்த்து, எந்தத் திறனில் பதிவு சுத்தமாக விழுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். எந்தத் திறனிலும் திருப்தியில்லை என்றால் இந்தக் குறியீட்டைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். வளையம் விழாத நான்கு டிஸ்க்கும் இப்படிப் போனவைதான். மீட்டர் 5.0இல் ஆடாமல் நிற்கிறது. இந்தத் தடவை மின்சாரத்தைக் குறை சொல்லமுடியாது.

அப்போதுதான் பாழான டிஸ்க்குகளை மறுபடி எடுத்து, ஒவ்வொன்றின் தயாரிப்புக் குறியீட்டைப் படித்தேன். வெற்று டிவிடியிலேயே தொழிற்சாலையில் ஒரு குறியீடு பதித்து அனுப்புவார்கள். இம்ஜ்பர்ன் அதைக் காட்டும். டப்பாவின் மேல் அச்சிட்ட பெயர் விற்பவருடையது, இது தயாரித்தவருடையது. ஒரே பெயரில் பல ஆலைகளின் சரக்கு வருவது சகஜம். பெரியப்பாவின் இரண்டு டப்பாவிலும் ஒரே பெயர், ஒரே படம், ஒரே 16எக்ஸ். குறியீடு மட்டும் வேறு வேறு. 30இல் நின்ற ஆறும் ஒரு குறியீடு, தொடங்காத நான்கும் மற்றது. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. நடுவில் உள்ள கண்ணாடி வளையத்தில் பொறித்திருந்த எண்களின் வடிவம்கூட வேறாக இருந்தது. முதல் நாளே கண்ணில் பட்டிருக்கவேண்டியது.

ஒவ்வொரு ஆலையின் சாயமும் ஒவ்வொரு விதமாகச் சூட்டை ஏற்கும். அதனால் எந்தக் குறியீட்டுக்கு எவ்வளவு திறன், எப்படிப்பட்ட துடிப்பு என்ற பட்டியல் டிரைவின் ஃபர்ம்வேருக்குள், அதாவது டிரைவை இயக்கும் அதன் உள் மென்பொருளுக்குள், இருக்கும். பட்டியலில் இல்லாத டிஸ்க் வந்தால் பொதுவான ஒரு கணக்கை வைத்து முயற்சி செய்யும். சிலதில் பலிக்கும், சிலதில் பலிக்காது. புது ஃபர்ம்வேர் வந்தால் பட்டியல் நீளும். இந்த டிரைவுக்கு அப்படி எதுவும் வெளியாகியிருக்கவில்லை. வேகத்தை மாற்றிப் பார்த்தேன். 4, 6, 8 மூன்றிலும் அதே 73/03. எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்று ஒரு நம்பிக்கை ரொம்ப நாளாக உலவுகிறது. 16எக்ஸுக்காகச் செய்த சாயத்துக்கு அது எப்போதும் பொருந்துவதில்லை. நடு வேகத்தில் நன்றாக விழும் டிஸ்க்குகள் நிறைய உண்டு.

முதல் டப்பாவிலிருந்து இன்னும் இரண்டு எடுத்து, நேரடி இணைப்பில், 6எக்ஸில் எழுதினோம். இரண்டும் முடிந்தன, சரிபார்ப்பிலும் தேறின. எழுதிய டிரைவே படித்துத் தேர்ச்சி கொடுப்பது வாத்தியார் தன் பிள்ளைக்கு மார்க் போடுகிற மாதிரி என்பதால், நேரடி இணைப்பில் எழுதிய மூன்றையும் என் மேசைக்கணினிக்குக் கொண்டுபோய் மறுபடி முழுதாகப் படித்துப் பார்த்தேன். பிழையில்லை. முதல் நாள் ஹப் வழியாக 4எக்ஸில் எழுதியதும் இதில் தேறிவிட்டது. அதைப் பெரியப்பா தனக்கென்று வைத்துக்கொண்டார்.

போகிற போக்கில் இரண்டாவது டப்பாவிலிருந்தும் ஒரு புது டிஸ்க்கை எடுத்துப்போயிருந்தேன். என் மேசைக்கணினியின் உள் டிரைவில் 8எக்ஸில் போட்டேன். முணுமுணுக்காமல் எழுதி முடித்தது. டிஸ்க்கில் கோளாறு இல்லை, பெரியப்பாவின் டிரைவிலும் கோளாறு இல்லை. அந்த இரண்டுக்கும்தான் ஆகவில்லை. அந்த டப்பா இப்போது என்னிடம்.

டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பிள்ளைகள் பெயர் அச்சிட்ட காகித ஒட்டி தயாராக இருந்தது. ஒட்டவேண்டாம் என்றேன், சற்றே கோணலாக ஒட்டினாலும் வேகமாகச் சுழலும்போது டிஸ்க் ஆடும், படிக்கத் தடுமாறும். மார்க்கர் பேனாவால் எழுதிக்கொண்டார். மூன்றாவது பெயரை முடித்துவிட்டு மூடியைப் போட்டபடி கேட்டார்:

"ஏம்பா, இனிமே அந்த ஹப்ல போன் சார்ஜ் போடலாம்ல?"

"தாராளமா போடுங்க பெரியப்பா."